அமெரிக்க வரலாற்றுப் பதக்கங்கள்: பழைய நூல்களைப் படிக்கும் முறை

அமெரிக்க வரலாற்றுப் பதக்கம் ஒன்றைப் பற்றித் தேடப் புறப்படுபவர்கள் நேராக, பதக்கங்களுக்கு வரிசை எண் கொடுத்து பெட்ஸ் எழுதிய 1894-ஆம் ஆண்டுப் பட்டியலுக்குப் போகிறார்கள். அங்கே எண் கிடைத்ததும் அதைக் குறித்துக்கொண்டு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். பதக்கப் பட்டியல் தொகுப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு இதில் ஆதங்கம் உண்டு. பெட்ஸுக்கு முன்பே எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தப் பதக்கங்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார்கள். மருத்துவர், வழக்கறிஞர், நாணயச்சாலைத் தலைவர், பணக்காரச் சேகரிப்பாளர் எனப் பலவகை மனிதர்கள். பெட்ஸின் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் அவர்களில் யாராவது ஒருவர் இருக்கிறார். அவர்களைப் படிக்கும் முறையைத்தான் இங்கே சொல்கிறேன்.

நான் கடைப்பிடிக்கும் விதி ஒன்றே ஒன்று. எந்தப் பழைய நூலைத் திறந்தாலும், இதை எழுதியவர் பதக்கத்தைக் கையில் வைத்துப் பார்த்தாரா, பிறர் சொல்லக் கேட்டு எழுதினாரா, வேறொரு நூலிலிருந்து எடுத்தாரா என்று முதலில் கேட்பேன். என் குறிப்பேட்டின் ஓரத்தில் ஒவ்வொரு செய்திக்கும் பக்கத்தில் பென்சிலால் ‘கண்டது’, ‘கேட்டது’, ‘எடுத்தது’ என்று எழுதி வைக்கிறேன். விட்டத்தையும் உலோகத்தையும் சொல்லி, யாரிடம் பார்த்தேன் என்றும் குறித்து, செதுக்கியவரின் கையெழுத்து எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் ஒருவர் சொன்னால், பெரும்பாலும் அவர் கண்டவர். புகழுரை நீண்டு, அளவு ஒன்றுகூட இல்லாமல் போனால் அவர் கேட்டவர். முந்தைய நூலில் இருந்த அதே சுருக்கெழுத்தும் அதே பிழையும் திரும்ப வந்தால் எடுத்தவர் என்று தயங்காமல் எழுதலாம்.

முதலில் ஒரே ஒரு பதக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். நூலை எடுத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படித்தால் மூன்றாம் நாளே அலுத்துவிடும். ஒரு பதக்கத்தைப் பிடித்துக்கொண்டு நூல்களின் வழியே நடந்தால் அலுப்பே வராது. தொடங்குபவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது, அமெரிக்க விடுதலைப் போரில் பாஸ்டன் நகரைப் பிரிட்டிஷ் படையிடமிருந்து மீட்டதற்காக ஜார்ஜ் வாஷிங்டனுக்குக் காங்கிரஸ் (அன்றைய அமெரிக்கப் பிரதிநிதிகளின் அவை) அளித்த பதக்கம். இதைப் பற்றி எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். ஒருவரோடு ஒருவரை ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட வசதியானது வேறில்லை.

புத்தகத்துக்கு முன்னால் தீர்மானம். 1776 மார்ச் 25 அன்று கான்டினென்டல் காங்கிரஸ் எனப்படும் அந்த அவை இந்தப் பதக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. காங்கிரஸின் நாட்குறிப்புத் தொகுதிகள் அச்சில் வந்துள்ளன, இணையத்திலும் கிடைக்கின்றன. தீர்மானத்தைச் சொல்லுக்குச் சொல் உங்கள் குறிப்பேட்டில் படியெடுத்துக்கொள்ளுங்கள். சரடோகா வெற்றிக்காக கேட்ஸுக்கு 1777 நவம்பர் 4, ஸ்டோனி பாயின்ட் கோட்டையைப் பிடித்ததற்காக வெய்ன், டி ஃப்ளூரி, ஸ்டூவர்ட் மூவருக்கும் 1779 ஜூலை 26, கௌபென்ஸ் வெற்றிக்காக மார்கன், வில்லியம் வாஷிங்டன், ஹோவர்ட் ஆகியோருக்கு 1781 மார்ச் 9 என்று மற்றவற்றுக்கும் இப்படியே தேதி உண்டு. பின்னால் வரும் ஆசிரியர் தீர்மானத்தை மாற்றியோ சுருக்கியோ சொன்னால் உடனே தெரிந்துவிடும். ஒருவர் எவ்வளவு கவனமானவர் என்பதை அறிய இதைவிட விரைவான வழி எனக்குத் தெரியாது.

அடுத்து பாரிஸ். தீர்மானம் நிறைவேறியது பிலடெல்ஃபியாவில், பதக்கம் பிறந்தது பிரான்சில். முதலில் வாஷிங்டனின் துணை அதிகாரியாக இருந்த டேவிட் ஹம்ஃப்ரீஸும், பிறகு பிரான்சில் அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெஃபர்சனும் இந்த வேலையைக் கவனித்தார்கள். பொறிக்க வேண்டிய லத்தீன் வாசகங்களுக்காகப் பிரான்சின் கல்வெட்டு இலக்கியக் கழகத்தை அணுகினார்கள். வாஷிங்டன் பதக்கத்தைச் செதுக்கியவர் டுவிவியே, கேட்ஸுக்கு கத்தோ, மார்கனுக்கும் தளபதி கிரீனுக்கும் டுப்ரே. ஜெஃபர்சனின் கடிதங்களை அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகம் இணையத்தில் வைத்திருக்கும், நாட்டை நிறுவியவர்களின் கடிதத் தொகுப்பில் இலவசமாகப் படிக்கலாம். படித்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். 1776-இல் ஒப்புதல் பெற்ற பதக்கத்தின் அச்சுகள், அதாவது பதக்கத்தை அடிப்பதற்காகச் செதுக்கிய உலோக வார்ப்புகள், 1789 வாக்கில்தான் முடிந்தன. வாஷிங்டன் கைக்கு அது வந்தது 1790-இல். பதக்கத்தின் பின்பக்கத்தில் இருப்பதோ 1776 மார்ச் 17 என்ற தேதி. அது பாஸ்டனை மீட்ட நாள், பதக்கம் அடித்த நாள் அல்ல. பழைய பட்டியல்கள் பலவற்றில் வரும் ஆண்டுக் குழப்பத்துக்கு வேர் இதுதான்.

பெட்ஸின் எண்களே இதற்கு நல்ல சான்று. அவர் நிகழ்ச்சியின் வரிசையில் பதக்கங்களை அடுக்குகிறார். வாஷிங்டனின் பாஸ்டன் பதக்கம் 542. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் முன்னின்று செய்வித்த, ‘அமெரிக்க விடுதலை’ என்று பொருள்படும் லிபர்டாஸ் அமெரிக்கானா பதக்கம் 615. எண்ணை மட்டும் பார்ப்பவர் 542 மூத்தது என்று நினைப்பார். உண்மையில் லிபர்டாஸ் 1783-லேயே பாரிசில் அடித்து முடிந்துவிட்டது. பெட்ஸ் எண் என்பது வரலாற்றின் வரிசை, பிறப்பின் வரிசை அல்ல என்று குறிப்பேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.

லிபர்டாஸ் பதக்கத்தைப் படிப்பவர்களுக்கு ஒரு கூடுதல் வசதி இருக்கிறது. செய்வித்தவரே எழுதியிருக்கிறார். 1782 மார்ச்சில் அமெரிக்க வெளியுறவுச் செயலர் ராபர்ட் லிவிங்ஸ்டனுக்கு எழுதிய கடிதத்தில், தொட்டிலில் இருக்கும் குழந்தை ஹெர்குலஸ் இரண்டு பாம்புகளை நெரிப்பதாக ஒரு பதக்கம் செய்யும் எண்ணத்தை ஃபிராங்க்ளின் சொல்கிறார். அந்தப் பாம்புகள் சரடோகாவிலும் யார்க்டவுனிலும் சரணடைந்த இரண்டு பிரிட்டிஷ் படைகள். பின்னர் பதக்கத்துக்குப் பிரெஞ்சில் ஒரு விளக்கத் தாளும் அச்சிட்டு வழங்கினார். அமெரிக்கப் பதக்க எழுத்தின் தொடக்கத்தைத் தேடுபவர்கள் இந்தத் தாளையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பின்னால் வந்தவர்கள் சிங்கம், கேடயம், அல்லிப்பூ என்று வருணிப்பதையெல்லாம் செய்வித்தவரின் சொல்லோடு ஒப்பிட முடிகிற பதக்கங்கள் மிகச் சில.

இப்போது புத்தகங்களுக்கு வருவோம்.

ஜேம்ஸ் மீஸ் மீது எனக்குத் தனி மரியாதை உண்டு. பிலடெல்ஃபியாவின் மருத்துவர், 1771-இல் பிறந்து 1846-இல் மறைந்தவர். வட அமெரிக்காவின் முக்கிய நிகழ்ச்சிகளைக் குறித்து விடுதலைப் பிரகடனத்துக்கு முன்னும் பின்னும் அடித்த பதக்கங்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை, நியூயார்க் வரலாற்றுக் கழகத் தொகுதிகளில் மூன்றாவதில் 1821-இல் வெளிவந்தது. அந்த ஆண்டை மனத்தில் நிறுத்துங்கள். அமெரிக்க நாணயச்சாலையின் காட்சிக்கூடம் தொடங்கியது 1838-இல். நியூயார்க்கிலும் பிலடெல்ஃபியாவிலும் நாணயவியல் கழகங்கள் பிறந்தது 1858-இல். எடுத்துப் பார்க்க அச்சிட்ட பட்டியல் இல்லை, கூடிப் பேசக் கழகம் இல்லை. அப்படிப்பட்ட காலத்தில் ஒருவர் உட்கார்ந்து வரிசைப்படுத்தி எழுதியிருக்கிறார். ஆகவே மீஸைப் படிக்கும்போது அவர் எதை விட்டுவிட்டார் என்று தேடுவதை நிறுத்திவிட்டு, எதைத் தெரிந்து வைத்திருந்தார் என்று தேடுங்கள். அவர் ஒரு பதக்கத்தைக் குறிப்பிட்டால், அது 1821-க்கு முன் புழக்கத்தில் அறியப்பட்டிருந்தது என்பதற்குச் சாட்சி கிடைத்துவிட்டது. பின்னாளைய நகலா, பழையதா என்ற வழக்கு எழும்போது அந்த ஒரு வரி பொன் பெறும்.

1837-இல் ஜோஷுவா பிரான்சிஸ் ஃபிஷர், மாசசூசெட்ஸ் வரலாற்றுக் கழகத் தொகுதியில் அமெரிக்கப் பதக்கங்களைப் பற்றி எழுதினார். மீஸின் கட்டுரையையும் இதையும் கணினியில் இரண்டு சாளரங்களில் பக்கத்தில் பக்கத்தில் திறந்துவைத்துப் படியுங்கள். முதலில் ஃபிஷர் புதிதாகச் சேர்த்தவற்றை மட்டும் அடிக்கோடிடுங்கள். அடுத்து, இருவரும் சொல்லும் பதக்கங்களில் சொற்கள் எங்கே ஒத்துப்போகின்றன என்று பாருங்கள். ‘எடுத்தது’ என்ற முத்திரையைப் பயன்படுத்திப் பழக இதுவே நல்ல களம்.

தாமஸ் வயாட் 1848-இல் வெளியிட்ட நூலில் எனக்கு அதிக நாட்டமில்லை. காங்கிரஸிடம் பதக்கம் பெற்ற தளபதிகள், கடற்படைத் தலைவர்களின் வாழ்க்கை வரலாறுகள் அவை. பதக்கத்தை வீரனின் மார்பிலிருந்து பார்க்கும் நூல். பிரிட்டனோடு நடந்த 1812 போரின் கடற்படை வீரர்களுக்காக மோரிட்ஸ் ஃபூர்ஸ்ட் செதுக்கிய பதக்கங்களைத் தேடும்போது மட்டும் எடுத்துப் பாருங்கள்.

ஜேம்ஸ் ராஸ் ஸ்னோடனிடம் வரும்போது வேகத்தைக் குறையுங்கள். 1853 முதல் 1861 வரை நாணயச்சாலையின் தலைவர் அவர். வாஷிங்டன் பதக்கங்களுக்கென்றே நாணயச்சாலையில் ஒரு கூடம் அமைத்து, 1860 பிப்ரவரி 22 அன்று, வாஷிங்டனின் பிறந்தநாளில், அதைத் திறந்துவைத்தார். அடுத்த ஆண்டு அந்தப் பதக்கங்களின் விவரணை நூலாக வந்தது. அவர் எழுதியவற்றில் பெரும்பகுதிக்கு என் குறிப்பேட்டில் ‘கண்டது’ என்ற முத்திரைதான். ஆனால் எதைக் கண்டார்? கூடத்தை நிரப்புவதற்காகச் சேகரிப்பாளர்களுக்கு நாணயச்சாலை தன் அச்சுகளில் புதிதாக அடித்தவற்றைக் கொடுத்து மாற்றாகப் பதக்கங்களை வாங்கியது. அதே காலத்தில் பிலடெல்ஃபியாவில் பழைய பதக்கங்களை, சிலவற்றை மூல அச்சிலிருந்தும் சிலவற்றை நகல் அச்சிலிருந்தும், மீண்டும் அடித்துக்கொண்டிருந்தார்கள். எனவே 1861-இல் ‘வெண்கலம்’ என்று ஒரு பதக்கத்தை அவர் விவரித்தால், அது பாரிசில் 1789-இல் அடித்ததா, பக்கத்து அறையில் அடித்ததா என்று அந்த ஒரு சொல் சொல்லாது. அக்கால நாணயச்சாலையின் ‘வெண்கலப் பதக்கம்’ பெரும்பாலும் செம்பில் அடித்து, மேலே பழுப்புச் சிவப்பு நிறம் ஏற்றியது. உலோகப் பெயரை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் அதை வேதியியல் உண்மையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஜோசப் ஃப்ளோரிமோன் லூபாவின் 1878-ஆம் ஆண்டு நூல் இரண்டு தொகுதிகள். 1776 முதல் 1876 வரையிலான 86 பதக்கங்கள், ஜூல் ஜாக்மார் அமிலத்தால் பொறித்த 170 படங்கள். எல்லாரும் படங்களுக்காகத்தான் இந்த நூலைத் திறக்கிறார்கள், படங்கள் அழகானவையும்கூட. நான் பரிந்துரைப்பது வேறு. படத் தொகுதியை ஒதுக்கிவைத்துவிட்டு எழுத்துத் தொகுதியைத் திறங்கள். ஒவ்வொரு பதக்கத்துக்கும் கீழே தீர்மானங்களையும் கடிதங்களையும் முழுமையாக அச்சிட்டிருக்கிறார். 19-ஆம் நூற்றாண்டில் ஆவணத்தையும் பதக்கத்தையும் இத்தனை விரிவாக ஒன்றாக வைத்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். இணையத்தில் முழு நூலும் இலவசமாகப் படிக்கக் கிடைக்கிறது.

படங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஜாக்மார் பெரிய கலைஞர். கலைஞர் என்பதாலேயே அவர் வரைந்த பதக்கத்தில் தேய்மானம் இருக்காது, அச்சில் விழுந்த விரிசல் இருக்காது. பாஸ்டன் பதக்கத்தின் பின்பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டின்மேல் குதிரையில் வாஷிங்டன், அவருடன் குதிரைகளில் நான்கு அதிகாரிகள், தொலைவில் நகரமும் வெளியேறும் கப்பல்களும். உருப்பெருக்கிக் கண்ணாடியைக் குதிரைகளின் கால்களுக்கு நடுவே வையுங்கள். பீரங்கி, குண்டுக் குவியல், தரையின் கோடுகள் ஒவ்வொன்றையும் உண்மையான பதக்கத்தின் தெளிவான புகைப்படத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டு அச்சுகளைப் பிரித்தறிய உதவும் நுண்ணிய வேறுபாடுகள் இப்படிப்பட்ட இடங்களில்தான் ஒளிந்திருக்கும். படம் வரைபவர் முதலில் சீர்படுத்திவிடுவதும் இவற்றைத்தான். ஆகவே அச்சு வகையை முடிவுசெய்ய எந்தச் செதுக்குப் படத்தையும் சான்றாகக் கொள்ளாதீர்கள்.

மார்கனின் பதக்கம் இதன் தேவையை இன்னும் அழுத்திச் சொல்லும். டுப்ரே செதுக்கிய மூலத் தங்கப் பதக்கம், மார்கனின் பேரனிடம் இருந்தபோது 1818-இல் பிட்ஸ்பர்க் வங்கியிலிருந்து திருடுபோனது. புதிதாக ஒன்று செய்ய 1836-இல் காங்கிரஸ் ஒப்புதல் கொடுத்தது. பாரிசில் ழான் ழாக் பார் புதிய அச்சுகளைச் செதுக்கினார். இப்போது 1840-களுக்குப் பின் வந்த எந்த ஆசிரியர் மார்கன் பதக்கத்தை விவரித்தாலும், டுப்ரேயின் அச்சா, பாரின் அச்சா என்று நீங்கள் கேட்டே ஆக வேண்டும். அவர் அதைச் சொல்லவில்லை என்றால் உங்கள் குறிப்பில் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். ஊகத்தால் நிரப்பினால் அடுத்தவர் அதை உண்மையென்று எடுத்துக்கொள்வார்.

வில்லியம் பேக்கர் 1885-இல் வாஷிங்டன் உருவம் தாங்கிய பதக்கங்களைப் பட்டியலிட்டார். அவருடைய எண்கள் இன்றும் ஏல அட்டைகளில் ஓடுகின்றன. நம் பாஸ்டன் பதக்கம் பேக்கர் 47. பெட்ஸின் நூல், பெட்ஸ் 1887-இல் இறந்து ஏழு ஆண்டுகள் கழித்து, மார்வின், லோ என்ற இருவர் பதிப்பித்து வெளிவந்தது. குடியேற்றக் காலம் முழுவதற்கும் இன்றுவரை அதுவே அடிப்படை. பிரிட்டிஷ் கடற்படைத் தலைவர் அட்மிரல் வெர்னனைப் பற்றிய பதக்கங்கள் மட்டும் அதில் நூறு எண்களைத் தாண்டும். ஆசிரியர் கடைசிப் படியைத் தன் கண்ணால் பார்க்காத நூல் அது என்பதால், குறிப்புகளில் எது பெட்ஸின் குரல், எது பதிப்பாசிரியர்களின் குரல் என்று நிறுத்திக் கேட்டுப் படியுங்கள். 1866-இல் தொடங்கிய அமெரிக்க நாணயவியல் இதழின் பழைய தொகுதிகளையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். நூல்கள் முடிவாகச் சொல்லிவிடும் பல செய்திகள் அங்கே கேள்வியாகத்தான் பிறந்தன.

படிக்கும்போது கைக்கு வேண்டிய சில நுட்பங்கள். 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் பட்டியல்களில் அளவு என்று வெறும் எண் இருந்தால், அது பெரும்பாலும் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு. 1.5875-ஆல் பெருக்கினால் மில்லிமீட்டர் வரும். 43 என்று இருந்தால் 68.3 மில்லிமீட்டர், பாஸ்டன் பதக்கத்தின் விட்டம் அதுவே. நூலின் மின்படியில் சொல் தேடும்போது லத்தீன் வாசகங்களை இரண்டு எழுத்துக்கூட்டலிலும் தேடுங்கள். பாஸ்டன் பதக்கத்தின் முன்பக்கத்தில் ‘யூ’ வர வேண்டிய இடங்களில் பழைய ரோமானிய முறைப்படி ‘வி’ செதுக்கியிருக்கிறார்கள். சில ஆசிரியர்கள் அதை அப்படியே அச்சிட்டார்கள், சிலர் மாற்றினார்கள். மாற்றாமல் அச்சிட்டவர் பதக்கத்தைப் பார்த்தவராக இருக்க வாய்ப்பு அதிகம்.

விளிம்பைப் பற்றிப் பழைய ஆசிரியர்கள் பெரும்பாலும் மௌனம். அதை நீங்களே நிரப்ப வேண்டும். பாரிஸ் நாணயச்சாலை 1832 முதல் பதக்கத்தின் விளிம்பில் சிறு குறி பொறிக்கத் தொடங்கியது. பழங்கால விளக்கு இருந்தால் 1832–1841, கப்பலின் முகப்பு இருந்தால் 1842–1845, சுட்டும் கை 1845–1860, தேனீ 1860–1879, அதற்குப் பின் வளக்கொம்பு. விளிம்பில் தேனீ உள்ள ஒரு பாஸ்டன் பதக்கத்தை 18-ஆம் நூற்றாண்டுப் பொருள் என்று யாராவது எழுதியிருந்தால், அவர் விளிம்பைத் திருப்பிப் பார்க்கவில்லை என்று உறுதியாகச் சொல்லலாம்.

எங்கே போய்ப் பார்ப்பது என்று கேட்டால், வாஷிங்டனின் தங்கப் பதக்கத்தை 1876-இல் பாஸ்டன் குடிமக்கள் விலைக்கு வாங்கி நகரத்துக்கு அளித்தார்கள். அது பாஸ்டன் பொது நூலகத்துக்கு உரியது. வாஷிங்டனுக்குத் தொகுப்பாக அளித்த 11 வெள்ளிப் பதக்கங்கள், இடையில் அரசியல்வாதி டேனியல் வெப்ஸ்டர் கைக்குப் போய், இப்போது மாசசூசெட்ஸ் வரலாற்றுக் கழகத்தில் இருக்கின்றன. யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற தொடர்ச்சி அறுபடாத பதக்கங்கள் இவை. மற்ற எல்லா விவரணைகளையும் உரசிப் பார்க்க வேண்டிய உரைகல் இவையே.

உங்கள் சொந்தக் குறிப்பை எழுதும்போது நான்கு ஆண்டுகளைத் தனித்தனிக் கட்டங்களில் எழுதுங்கள்: நிகழ்ச்சி நடந்த ஆண்டு, தீர்மானம் நிறைவேறிய ஆண்டு, அச்சு செதுக்கிய ஆண்டு, நீங்கள் பார்க்கும் இந்தப் படி அடித்த ஆண்டு. ஆசிரியர்கள் முரண்பட்டால் இருவர் சொன்னதையும், நூல் வெளிவந்த ஆண்டோடும் உங்கள் ஓர முத்திரையோடும் பதிவு செய்யுங்கள். யார் சரி என்று அன்றைக்கே தீர்ப்புச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

பாஸ்டன் பதக்கம் முடிந்ததும் கிட்டானிங் பதக்கத்துக்குப் போங்கள். 1756-இல் ஜான் ஆம்ஸ்ட்ராங் தலைமையில் கிட்டானிங் என்ற பழங்குடியினர் ஊர்மீது நடந்த தாக்குதலுக்காகப் பிலடெல்ஃபியா நகராட்சி அளித்தது, எட்வர்ட் டஃபீல்டு செதுக்கியது, பெட்ஸ் 400. காங்கிரஸ் இன்னும் பிறக்காத காலம், ஆகவே காங்கிரஸ் தீர்மானம் கிடையாது, பாரிஸ் கடிதமும் கிடையாது. நகராட்சியின் கூட்டக் குறிப்புகள் 1847-இல் அச்சில் வந்துள்ளன. அங்கிருந்து தொடங்கி, பிறகு மீஸுக்கு வாருங்கள்.